அக்காவை ஒருவரும் கடத்தவில்லை

எனது பெயர் தில்லைநாதன் நிவேதனா. வயது பதினாறு. கொக்குவிலில் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் வசிக்கிறேன். தரம் பதினொன்றில் படிக்கிறேன். அப்பா உயிருடன் இல்லை. அவருடைய அண்ணன் சீவரத்தினம் எங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவர் நித்திரையான பின் இதை நானே எழுதுகிறேன். லைற் போடப் பயம் என்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

எனது தாய் உதயகலாவுக்கு ஈரல் பழுதாகிவிட்டது. அம்மா ஒருநாளும் குடித்தவர் அல்ல. ஊரில் அப்படிக் கதைப்பதால் இதையும் எழுதுகிறேன். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கட்டி, கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சித்தி கூட நிற்கிறார். உறவினர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் அம்மா பிழைப்பார் என்று டொக்டர் சொன்னார். அதன்பின் எனது அக்கா கோபிகா, வயது இருபத்துநான்கு, பரிசோதனை செய்துகொண்டார். பொருந்தியது.

அதன்பின் பெரியப்பா, அம்மா கண் மூடமுன் என்று சொல்லி, அக்காவுக்கு அவசரமாகக் கலியாண நாள் வைத்தார்.

“வயித்தைக் கிழிச்ச பொம்பிளையை ஆரடி கட்டுவான்? ஒண்டு போனாலும் மற்றதாவது தப்பட்டும்” என்றார்.

“ஈரல் திரும்ப வளருமாம் பெரியப்பா. உங்கடை மாப்பிள்ளைக்கு மனசு வளருமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ” என்றார் அக்கா.

அதன்பின் பெரியப்பா அக்காவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். சித்தி அம்மாவை வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். அது எது என்று பெரியப்பாவுக்குத் தெரியாது.

அதன்பின் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கல் நடந்தது. பொன்னுருக்கினால் கலியாணம் வரை பெண் வீட்டுப் படலை தாண்டக் கூடாது. அந்த வழக்கத்தை நம்பி, மறுநாள் விடியப் பெரியப்பா பந்தல்காரரைக் கூட்டிவரப் போனார். அதன்பின், என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றும் ஓட்டோக்காரர் கிறிஸ்ரி அண்ணைக்கு நான் போன் எடுத்தேன்.

“அம்மாட்டையோ தங்கச்சி? அப்ப இந்தா வாறன்” என்றார்.

படலையைத் திறந்தது நான். அக்கா நகை ஒன்றும் எடுக்கவில்லை. மாற்றுடுப்பும் பரிசோதனை அறிக்கைகளும்தான் எடுத்தார். “கேட்டால், நித்திரையாக் கிடந்தன் எண்டு சொல்லு” என்று எனக்குச் சொன்னார். கிறிஸ்ரி அண்ணை அவரை யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இறக்கிவிட்டார். வேறொன்றும் செய்யவில்லை.

அதன்பின் பெரியப்பா, கிறிஸ்ரி அண்ணை அக்காவைக் கடத்தினார் என்று பொலிஸாராகிய உங்களிடம் முறைப்பாடு செய்தார். பொன்னுருக்கிய பின் பெண் தானாகப் போனாள் என்று சொல்வதை விட, ஒருவன் கொண்டு போனான் என்று சொல்வது அவருக்கு வெட்கம் குறைவு. நீங்கள் கிறிஸ்ரி அண்ணையை மறித்து வைத்திருக்கிறீர்கள். நாளை நானும் அப்படியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மறக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். ஒப்பரேசன் முடியும்வரை பெரியப்பாவுக்கும் சொல்லமாட்டேன், உங்களுக்கும் சொல்லமாட்டேன். அது குற்றமென்றால் கிறிஸ்ரி அண்ணையை விட்டுவிட்டு என்னை மறியுங்கள்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததும். திரும்ப வாசித்தேன், ஒரு வரியும் வெட்டவில்லை. அன்று நான் நித்திரையாக இருக்கவில்லை.

ஒப்பம்,
தில்லைநாதன் நிவேதனா