அந்த மௌனத்தில் நான் கொடுத்த வரி

மேடை ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவளுக்கு இருமல் வரக் கூடாது. அதனால் நாடகம் இருக்கும் நாட்களில் நான் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. குழுவில் என்னை ‘முணுமுணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர்தான், டாக்டர். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஸ்கேனில் ஒரு குறையும் இல்லையே, பிறகு ஏன் இப்படி மறக்கிறாள் என்று. சொல்கிறேன்.

ஆரம்பத்தில் அக்கா மற்றவர்கள் எழுதிய மனைவிகளாக நடித்தாள். அழுதுகொண்டே கதவைத் திறக்கும் மனைவிகள். அலுத்துப்போய்த் தானே எழுத உட்கார்ந்தாள். எழுதுவதற்கு வீட்டிலேயே சரக்கு இருந்தது. அம்மாவின் மூட்டுவலி முதல் நாடகம். நானும் என் கணவரும் போட்ட சண்டைகள் இரண்டாவது. அவர் அதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அதன்பின் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தினார், பேசுவதையும். அக்கா திறமைசாலி. அதை நான் மறுத்ததே இல்லை.

அப்போது வயிற்றில் இருந்த என் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை, ரவிக்கை நனைந்து குளியலறையில் நின்றிருந்தேன். அக்கா துண்டோடு வந்தாள்.

“பால் கட்டிக்கிச்சுக்கா. யாருக்குன்னு சுரக்குது இது?”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உதடு என் கழுத்தில் அசைந்தது. ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாடகத்தின் உச்சமே அந்த வரிதான். அதற்கு முன் அக்கா வாயைத் திறந்து, பேசாமல் நிற்பாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு சொல்வாள். கைதட்டல் அடங்க நேரமாகும். பத்திரிகைக்காரர்கள் அந்த மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

“நீ சொன்னதுதான்டி. கடைசியில அந்த ‘இது’வை மட்டும் வெட்டிட்டேன். நறுக்குன்னு இருக்கு பாரு.”

“நல்லா இருக்குக்கா” என்றேன்.

என் வயிற்றிலிருந்து வந்த வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டு, அவள் மறந்தால் கொடுப்பதற்காக ஒவ்வொரு மாலையும் காத்திருப்பது என் வேலை.

எங்கள் தொழிலில் மன்னிக்கவே முடியாத ஒன்று உண்டு. நடிகை வேண்டுமென்றே நிறுத்தும்போது வசனத்தை எடுத்துக்கொடுப்பது. ஒரு மாலை நான் கொடுத்தேன், முன்வரிசைக்குக் கேட்கும்படி. “மேடையிலேயே அம்மா தூங்கிட்டாங்கப்பா” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது.

ஒப்பனை அறையில் அக்கா என்மேல் பாய்ந்தாள். “என்னடி பண்ணித் தொலைச்சே? நான் நிறுத்துற இடம் உனக்குத் தெரியாதா?”

“ரொம்ப நேரம் நின்னுட்டேக்கா. கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு. பயந்துட்டேன்.”

“நானா?”

“போன தடவையும் இப்படித்தான். சொல்ல வேணாம்னு பார்த்தேன்.”

அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு எல்லாம் சுலபம். அவ்வப்போது அந்த மௌனத்தை நிரப்பினேன். அவள் அணைத்த அடுப்பைப் பற்றவைத்தேன். சாவியைச் செருப்புக்குள் போட்டேன். சொல்லாததையெல்லாம் “அப்பவே சொன்னேனேக்கா” என்றேன். உங்களிடம் அழைத்துவந்து, அவள் முன்னாலேயே அறிகுறிகளை விவரித்தேன். நீங்கள்கூட என் பொறுமையைப் பாராட்டினீர்கள். மாத்திரைகளை நீங்கள் சொன்னதைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன். முதலில் மேடை போனது. பிறகு எழுத்து. இப்போது பாதி வாக்கியத்தில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் எடுத்துக்கொடுக்கிறேன்.

நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள். “எனக்குக் குழந்தை ஏதாவது இருந்துச்சாடி?”

அவளுக்குக் குழந்தையே பிறந்ததில்லை, டாக்டர்.

“இருந்துச்சுக்கா. பிறந்த அன்னைக்கே போயிடுச்சு.”

மார்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேடையில் அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை. எவ்வளவு முயன்றாலும் அங்கே ஒரு சிட்டிகை பொய் இருக்கும். நேற்று அது இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.

உங்கள் முகம் மாறுகிறது. நியாயமாக யோசியுங்கள். காலமெல்லாம் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் அவளிடமிருந்து எதையாவது எடுத்தேனா? கொடுக்கத்தானே செய்தேன்.