குழாயைத் திறந்த கை

மணி ஒன்றரை இருக்கும். புறவழிச்சாலை. விளக்கு இல்லை, எதிரே வண்டி இல்லை... ஓரமாக நிறுத்திய காருக்குப் பின்னால் ஓர் உருவம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பயப்படாதீர்கள், அது பேய் இல்லை. என் நண்பனுடைய பெரியப்பா. ஒன்றுக்குப் போக இறங்கியவர். முட்டிக்கொண்டு இருக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நமக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

காரை ஓட்டிவந்த அவர் மச்சினன் நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது, புற்றுநோய் இல்லை, வெளியே வெட்டாமல் உள்வழியாகவே கருவி விட்டுச் சுரண்டிவிடலாம் என்றார் டாக்டர். பெரியப்பா டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த மனைவியிடமே டிக்கெட் கேட்கக்கூடிய ஆள். வெட்டாமல் எப்படி எடுப்பார்கள் என்று டாக்டரையும் சந்தேகப்பட்டார். சுரண்டி எடுத்ததைக் குப்பியில் காட்டியபோது, இது என்னுடையதுதானா என்றாராம்.

அன்று ராத்திரி இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தார். தலைமாட்டுக் கம்பியில் பெரிய உப்புநீர்ப் பை. அந்த நீர் குழாய் வழியே உள்ளே போய், ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் இறங்க வேண்டும். ஓட்டம் நின்றால் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும், மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகணும், பை தீரும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார். காவலுக்கு மச்சினன். பெரியப்பாவின் சந்தேகம் முழுக்க அவன்மேல்.

"தூங்கிட மாட்டியே?"

"அத்தான், என்னை வேவு பாக்கறதை விட்டுட்டு நீங்க கண்ணை மூடுங்க."

மூடினார். விழித்தபோது வார்டு இருட்டு. மருந்து நெடி. மேலே பை நிறைய இருந்தது... அதுதான் இடித்தது. உற்றுப் பார்த்தார். துளி விழவில்லை.

கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் வலப்பக்கம் யாரோ வந்து நின்றாயிற்று. குழாயில் நீரைத் திறந்து மூடும் சின்னச் சக்கரம் கிர்ர்... என்று உருண்டது. தொடையில் ஒட்டியிருந்த குழாயை விரல்கள் பிழிந்தன. பிழிந்து, விட்டு... பிழிந்து, விட்டு... சலசலவென்று கீழே இறங்கியது.

பரவாயில்லையே, பயல் முழித்திருக்கிறான்! கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மச்சினன்மேல் அவருக்குப் பாசம் பொங்கியது.

அப்போதுதான் இடப்பக்கத்துப் பெஞ்சிலிருந்து குறட்டை கேட்டது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. கிள்ளினால்கூடத் தெரியாத தொடை... அந்த விரல்களின் குளிர் மட்டும் எப்படித் தெரிகிறது?

"எனக்கும் இப்படித்தான் மூடிட்டுப் படுத்துட்டாங்க" என்றது குரல். அதில் கோபமே இல்லை.

காலையில் கீழ்ப் பையில் நீர் தெளிந்திருந்தது. மேலே தொங்கியது புதுப் பை. பக்கத்து வார்டில் அவசரம், ராத்திரி இந்தப் பக்கமே வர முடியவில்லை என்று நர்ஸ் வருத்தப்பட்டார். மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"பை சீக்கிரம் தீர்ந்துடுது அத்தான். கொஞ்சம் குறைச்சு வச்சா விடியறவரைக்கும் வரும்னு திருகினேன். முழுசா மூடிடுச்சு போல... அப்புறம் யார் தொறந்தது?"

பெரியப்பா அவனைத் திட்டவில்லை. நர்ஸிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதுவே வீட்டில் எல்லோருக்கும் சந்தேகமாக இருந்தது.

குழாயை எடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் ராத்திரி, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நின்றார். கொஞ்சம் எரிந்தது. பிறகு வந்தது பாருங்கள்... இளவட்டத்தில் வந்த மாதிரி! அவருக்குக் கண்ணிலும் வந்துவிட்டது.

வலது காதோரம் அதே குரல். "நல்லா வருதா?"

"வருதுங்க" என்றார், நன்றி மறக்காதவர்.

முடித்தார். தண்ணீர்க் குழாயை இறுக்கினார். வாளியைக் கவிழ்த்தார். சந்தேகத்துக்கு, மேல் தொட்டியையும் திறந்து பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை.

வலப்பக்கம் மட்டும்... சொட்டு... வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு... நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ முக்கும் சத்தம்.