மேலிருந்து மூன்றாவது கம்பி

சினிமாவில் நான் கதையைக் கவனிப்பதில்லை. கதாநாயகன் அழும்போது அவன் பின்னால் எந்த வண்டி நிற்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் அவனைவிட அது நன்றாக நடித்திருக்கும்.

நான் பி.ஏ. படித்தவன். சாலைக் கடைத்தெருவில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை. பின்னால் திறந்த தொட்டி இருந்தால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது லாரி. ஃபோர்டும் லாரி, டாட்ஜும் லாரி. டாட்ஜுக்கும் ஃபார்கோவுக்கும் உடம்பு ஒன்றே, பெயர்தான் வேறு என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். இவர்களுக்குக் கண் எதற்கு என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் மனைவி நீலாம்பாளுக்கு மட்டும் அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்காட்சியில் பழைய பிக்கப் எது திரையில் வந்தாலும் முழங்கையால் என்னை இடிப்பாள். அது மறைவதற்குள் நான் பெயரும் வருஷமும் சொல்ல வேண்டும். சொல்வேன். ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. சரிபார்க்க அவளுக்கு வழியில்லை என்பது வேறு விஷயம்.

"ஒரு நாளாவது தெரியலைன்னு சொல்லுங்களேன், கேப்போம்," என்பாள்.

தெரியாமல் இருந்தால் சொல்லியிருப்பேன்.

1953 ஆகஸ்டு பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்குக் கிள்ளிப்பாலத்தில் ஒரு வண்டி அவளை இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. அங்கே பூ விற்கும் சரசம்மா பார்த்திருக்கிறாள். பச்சை வண்டி என்றாள். என்ன வண்டி என்று கேட்டேன். லாரி என்றாள். போலீஸ் காகிதத்திலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஓடையோரம் ஒரு சாண் நீளத்துக்கு ஒடிந்த கம்பி ஒன்று கிடந்தது. யாரும் குனியவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றில் வந்த செவர்லே பிக்கப்பின் முகத்தில் மேலே படுக்கைக் கம்பிகள் இருக்கும், கீழே நெட்டுக் கம்பிகள். இது மேல்வரிசைக் கம்பி.

ஜனவரியில் ஒரு படம் வந்தது. பழக்கத்தால் போனேன். பக்கத்து நாற்காலியில் யாரோ கடலை தின்றுகொண்டிருந்தான். பொன்முடி வளைவொன்றில் காதலர்கள் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பிக்கப் ஏறி வருகிறது. நாற்பத்தொன்று செவர்லே. மேலிருந்து மூன்றாவது கம்பி ஒடிந்திருந்தது. நான்கு விநாடிதான். பதினொரு முறை போய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச்சில் அந்த வண்டி எங்கள் கடை வாசலுக்கே வந்தது. பச்சைதான். பொன்முடியிலிருந்து தேயிலைப் பெட்டி இறக்குகிற வண்டி. டிரைவர் வேலப்பன் நெடுமங்காட்டுக்காரன், பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. பிரேக் ஆயில் கேட்டான். நான் வண்டியையே பார்ப்பதைக் கண்டு அவனுக்குப் பெருமை.

"நம்ம வண்டி படத்தில நடிச்சதாக்கும், சாரே. அந்தப் பாட்டில பின்னால வருமே, அது நானு."

கம்பி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது போயி ரெண்டு வருஷமாச்சு. ஒரு எருமை குறுக்கே சாடிச்சு. எருமைக்கு ஒண்ணும் ஆகல்லை, கேட்டோ."

சிரித்தான். என் மனைவியைத்தான் அப்படிச் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான்.

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் என் மேசை இழுப்பறையிலிருந்த கம்பியைக் கொண்டுவந்து ஒடிந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் குறைந்தது. இடிபட்ட கம்பி வளையும், வளைந்தால் குறையும். பள்ளிக்கூடம் போனவனுக்கு இது புரியும்.

பிரேக் ஆயிலில் எஞ்சின் ஆயிலைக் கலந்தால் பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர்கள் ஊதிப்போகும். உடனே தெரியாது. சமதரையில் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். டின்னில் பாதிக்குப் பாதி கலந்து, நானே ஊற்றியும் கொடுத்தேன். சார் நல்ல மனுஷன் என்று வேலப்பன் சொன்னான். டின்னின் மூடி முன்பே திறந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. எதையும் கவனிக்கிற ஆள் இல்லை.

மூன்றாம் நாள் பொன்முடி இறக்கத்தில், ஏழாவது வளைவில், வண்டி திரும்பவில்லை.

பின்தொட்டியில் ஞானபாய் என்று ஒரு பெண் இருந்தது எனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பஸ் கிடைக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போக ஏறியிருக்கிறாள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று விதி இருக்கிறது. மீறியவன் வேலப்பன். அவளுடைய புருஷன் தினமும் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் வந்து நிற்கிறான். என் வயதுதான் இருக்கும். எந்த வண்டி என்று அவனைக் கேட்டால் லாரி என்பான்.

கவிழ்ந்த வண்டிக்குள் டின் நசுங்காமல் கிடந்திருக்கிறது. கடைச் சீட்டும் ஒட்டியிருந்தது. கலந்தது நான்தான் என்று கேட்டவுடனே சொன்னேன், கம்பி, படம் எல்லாவற்றையும் சேர்த்து. மறைக்க இதில் என்ன இருக்கிறது?

இன்ஸ்பெக்டர் அழகியநம்பி திருநெல்வேலிக்காரர். படித்தவர் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்தப் படம் எடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விட்டு வந்து ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். அந்தப் பாட்டுக் காட்சியைப் படம் பிடித்தது 1953 பிப்ரவரியில்.

"உம்ம சம்சாரம் எறந்தது ஆகஸ்டுல," என்றார். "கம்பி அதுக்கு ஆறு மாசம் முந்தியே ஒடிஞ்சிருக்கு. பதினோரு தடவை படம் பாத்தீரு. ஸ்டூடியோவுல ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

தங்கள் படத்தில் ஓடுவது என்ன வண்டி என்றே அறியாதவர்களிடம் போய் எதைக் கேட்பது என்றேன்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"உம்ம சம்சாரத்தை இடிச்சது இந்த வண்டிதானா வே? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும். அப்படியே எழுதிக்கிடுதேன்."

வேலப்பனையும் ஞானபாயையும் கொன்றது நான். நாற்பத்தொன்று செவர்லே, இதே வண்டிதான் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.