தேன் தடவிய வாய்

நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் தேய்ப்பவன், ஐயா. சுத்தம் என்றால் எனக்கு உயிர். உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்த ரப்பர் குழாயைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைப்பேன்.

பெட்ரோல் விலை ஏறியதும் ஆளுக்கொன்றைக் குறைத்துக்கொண்டோம். கீழ்வீட்டுத் தையல்காரர் அண்ணன் கடைக்கு நடந்தே போக ஆரம்பித்தார். தண்ணீர் வடிகட்டி பழுதுபார்க்கும் எனக்கு அது முடியாது. ஸ்கூட்டரில் நாலு திசையும் அலைந்தால்தான் பிழைப்பு.

அண்ணனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, மூச்சிழுப்பு. "வண்டி நின்னது நின்னபடி இருக்கட்டும் தம்பி. டேங்க்ல பெட்ரோல் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இவளுக்குத் தூக்கமே வருது," என்பார். பெட்ரோல் அளவைக் காட்டும் முள் பாதியில் மாட்டிக்கொண்டு நகராது என்பதையும் அவர்தான் சிரித்தபடி சொன்னார். வெட்டி மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டுக் காருக்கு உறை தைத்திருந்தார். பெட்ரோல் மூடிக்கு நேராக ஒரு திறப்பு, அதற்கொரு பொத்தான். எனக்கும் வசதியாக இருந்தது.

குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எப்படியும் ஒரு மடக்கு உள்ளே வந்துவிடும். பிறகு சாப்பாட்டில், தண்ணீரில், ஏப்பத்தில் எல்லாம் அதே வாடை. நாக்கில் தோல் உரிந்தது. ஈறெல்லாம் வெள்ளைப் புண். என் எச்சில் அவர்கள் டேங்குக்குள் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் குழாயின் இரு முனையையும் துடைத்தேன். முத்தம் கொடுக்க வந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீ, அப்பா வாய் நாறுது."

அக்காதான் கவனித்தார். "என்ன தம்பி, வாயெல்லாம் புண்ணு? வயித்தைக் காயப்போட்டுட்டுச் சுத்துறியா?"

"கல்யாணமானவனுக்கு வாய் எதுக்கு? விடு," என்றார் அண்ணன்.

அக்கா சிரித்தார், இருமினார், கிண்ணத்தில் தேன் கொண்டுவந்தார். தடவிக்கொண்டேன். புண் ஆறியது. ஆறியதால் மறுபடி உறிஞ்ச முடிந்தது. கடவுள் நல்லவர்களை நம் பக்கத்திலேயே வைக்கிறார், ஐயா. நானும் பேராசைக்காரன் அல்ல. ஒரு தடவைக்கு ஒரு பாட்டில்தான்.

அன்று காலை கீழே அக்காவின் மூச்சு விசிலடிப்பது கேட்டது. இனி ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்துவிடுவார்கள். அதனால் அவசரமாக இறங்கிப் போனேன். பாட்டில் நிறையும் நேரம் குழாயில் காற்றுதான் வந்தது.

வேலைக்குப் போகும் வழியில், பாலத்து ஏற்றத்தில் அவர்கள் கார் நின்றிருந்தது. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். பின் இருக்கையில் அக்கா கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். பாட்டில் என் தோள்பையில்தான் இருந்தது. எடுத்தால், ஏது என்று கேட்பார்கள். ஆகவே தள்ளினேன். உச்சியை எட்டுவதற்குள் பின் இருக்கை அமைதியாகிவிட்டது.

அண்ணன் தன் துண்டால் என் முகத்து வேர்வையைத் துடைத்தார். "முள்ளு வேலை செய்யலைன்னு தெரிஞ்சும் நான் பார்க்காம விட்டுட்டேன்டா தம்பி. உன் மேலெல்லாம் பெட்ரோல் வாடை. எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே."

ஆமாம், எடுத்தது நான்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் என்னளவுக்கு வேறு யாரும் தள்ளவில்லை, ஐயா. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.