உள்ளிருந்து திறக்காத கதவு

கரண்டு வர நேரமாகும். ஜெனரேட்டரிலும் டீசல் இல்லை. கிட்டே வந்து உட்காருங்கள். தணிகாசலம், பீடியை அணை.

இது என் கூட்டாளி கோபிநாத்தின் அக்காவுக்கு நடந்தது.

இரவு பதினோரு மணி இருக்கும். நோணாங்குப்பம் பாலத்துக்கு முன்னால், உப்பங்கழியை ஒட்டிய ரோடு. ஐப்பசி மழை. ஆள் கிடையாது, விளக்கு கிடையாது. ஒரு வெள்ளைக் கார்... உள்ளே கோபிநாத்தின் அக்கா அமுதவல்லி, அவள் புருஷன் இளஞ்செழியன். கல்யாண வீட்டிலிருந்து நெல்லித்தோப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் வியாபாரி கன்னியப்பனிடம் வாங்கியது. "டாக்டர் ஓட்டின வண்டி சார், கண்ண மூடிக்கினு எடுங்க" என்றான். இளஞ்செழியனும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தான். பூசணிக்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பின் கதவு இரண்டும் உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடியை இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணாடியும் நாலு விரலுக்கு மேல் இறங்காது.

அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அமுதவல்லிக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டு வாசலில் கார் நின்றதும் அவன் இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால் வளையலால் கண்ணாடியைத் தட்டுவாள்.

"யோவ் டிரைவரு, மொதலாளியம்மா எவ்ளோ நேரம் உக்காந்திருக்கறது?"

"வரேம்மா வரேன். மொதல்ல சம்பளத்த ஏத்திக் குடுங்க."

தெருவே சிரிக்கும். முன் சீட்டு காலியாக இருந்தாலும் அவள் பின்னால்தான் உட்காருவாள்.

அன்றைக்கும் பின்னால்தான்.

எதிரே லாரி. முகத்தில் வெளிச்சம். கார் ரோட்டை விட்டு வழுக்கி, தண்ணீருக்குள்... மூழ்குவதற்குள் அவன் தன் பக்கத்துக் கதவைத் தள்ளி வெளியே வந்துவிட்டான். நீந்திச் சுற்றி வந்து பின் கதவை இழுத்தான். தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது. காரின் முன்பக்கம் முதலில் மூழ்கிவிட்டது, அவளால் அந்த வழியே வர முடியவில்லை. உள்ளே... டக். டக். டக்.

சத்தம் நின்றது. கார் முழுக்கத் தண்ணீர் நிரம்பியது. அப்புறம்தான் அவன் இழுத்ததும் கதவு சுலபமாகத் திறந்தது.

இளஞ்செழியன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனான். "தெரிஞ்சேதான் வித்திருக்கான். அத ஒருத்தரு வாயால சொல்லணும், மச்சான்" என்றானாம் கோபிநாத்திடம். வக்கீல் சொன்னது ஒன்றுதான்: "வண்டிதான் சாட்சி. ஒரு ஸ்குரூவக் கூடத் தொடாத." காரை வாசலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டார்கள்.

முதல் ராத்திரியே... டக்.

எழுந்து போனான். உப்பங்கழிச் சேற்று நாற்றம். அதற்குள்ளே மல்லிகை வாசனை. சீட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டான். சத்தம் நின்றது. மறுநாள் ராத்திரி மறுபடியும். கைப்பிடியைச் சரி செய்துவிடலாம்... ஆனால் தொடக் கூடாது. கேஸ் நடந்த காலமெல்லாம் ராத்திரி எழுந்து போய்த் திறந்துவிட்டான்.

கோர்ட்டில் கன்னியப்பனின் வக்கீல் கேட்டார். "கதவு தெறக்காதுன்னு தெரிஞ்சும், தெனம் நீங்களே எறங்கித் தெறந்து விட்டீங்க. ஒரு புகாரும் குடுக்கல. சந்தோஷமாத்தான இருந்தீங்க?"

"ஆமாங்க. சந்தோஷமாத்தான் இருந்தோம்."

கடைசியில் மெக்கானிக் வந்து கதவைப் பிரித்தார். உள்ளே இருந்த கம்பி அறுந்திருந்தது. அதைக் கட்டுக்கம்பியால் சுற்றி, மேலே புது அட்டை போட்டு மறைத்திருந்தார்கள். கன்னியப்பனுக்குத் தெரியும். இளஞ்செழியன் ஜெயித்தான். விற்றவன் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாங்கிய விலையையும் நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

கிரேன் வந்த அன்றைக்கு அவன் பின் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "காசு வேணாம். வண்டிய வுட்டுடுங்க."

"எடுத்துக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனது நீதானய்யா?" என்றான் கன்னியப்பன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? காலேஜை விட்டு நின்றதும் நான் பார்த்த முதல் நைட் டூட்டி கன்னியப்பனின் கார் ஷெட்டில். ராத்திரியானால் இளஞ்செழியன் கேட்டில் வந்து நிற்பான். "ஒரு தடவ தெறந்து வுட்டுட்டுப் போயிடறேன், தம்பி." விடுவேன். திறப்பான். சத்தம் நிற்கும். போய்விடுவான்.

கன்னியப்பனுக்கு விஷயம் தெரிந்தது. திட்டவில்லை. புதுக் கம்பி போட்டுக் கதவைச் சரி செய்தான். ராத்திரி இளஞ்செழியன் வந்ததும் அவனையே பின் சீட்டில் உட்கார வைத்துக் கைப்பிடியை இழுக்கச் சொன்னான். சுலபமாகத் திறந்தது.

"பாத்துக்க. இப்ப உள்ளேர்ந்தே தெறக்குது. இனிமே நீ வர வேணாம்."

இளஞ்செழியன் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கிப் போனான். அப்புறம் வரவில்லை.

அடுத்த ராத்திரி 'டக்' கேட்கவில்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன். காற்றுகூட இல்லை. கண் சொருகும் நேரத்தில்... கண்ணாடியில் வளையல் தட்டுகிற சத்தம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சேறு. மல்லிகை. நான் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

யாரும் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து... கதவு உள்ளேயிருந்து மெதுவாக இழுத்துச் சாத்தப்பட்டது. அப்புறம் மறுபடியும் வளையல்.