மாட்டைக் குடுத்து வாங்கின பிக்கப்

…அப்பிடி அடிச்சால் பூட்டாது அண்ணை, கதவைக் கொஞ்சம் தூக்கி அடிக்கோணும். தூக்கி… சரி, விடுங்கோ, இந்தக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ. இப்ப கயிறுதான் கதவு. சைக்கிளைப் பின்னாலை வடிவாய்ச் சாத்தினனீங்களோ? நீர்வேலிப் பக்கம் தானே போறியள்? நானும் அங்கைதான். சங்கிலி அறுந்த சைக்கிளை மானிப்பாயிலை இருந்து உருட்டிக்கொண்டு போற வெய்யிலோ இது! ஓடிவந்து ஏறச் சொன்னதுக்குக் குறை நினைக்காதேங்கோ. இஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப எழுப்ப ஒரு மூடி பெற்றோல் வேணும். ஓடுறதெல்லாம் மண்ணெண்ணெயிலைதான், ஆனால் நித்திரையாலை எழும்பத் துரைக்குப் பெற்றோல் காட்டோணும். இந்தத் தடைக்கை ஆரிட்டை இருக்குப் பெற்றோல்?

ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. இடைக்கிடை தலையை நீட்டி மேலை பாத்துக்கொள்ளுங்கோ. இந்தச் சத்தத்துக்கை குண்டு போடுற பொம்மர் தலைக்கு மேலை வந்தாலும் எனக்குக் கேக்காது.

என்ன, மீற்றரையோ பாக்கிறியள்? பாருங்கோ, வடிவாய்ப் பாருங்கோ. அஞ்சு இலக்கம். நாலு ஒன்பது வந்திட்டுது, கடைசியிலை மட்டும் ரெண்டு. உந்த ரெண்டு ஒன்பதாகி அங்காலை ஒரு மைல் கட்டை ஓடினால் எல்லாம் சைபர். புது வாகனம்! சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் முதல் சிரிச்சனான்.

கேளுங்கோவன் என்ரை புத்தியை. இப்ப ஊரிலை என்ன நடக்குது? கார் வைச்சிருந்தவன் எல்லாம் அதைக் கொட்டிலுக்கை தள்ளிப்போட்டு வண்டில் மாடு தேடித் திரியிறான். அந்த நேரம் பாத்து, நல்ல சோடி மாட்டைக் குடுத்துப் பழைய பிக்கப் வாங்கின ஆள் இந்தக் குடாநாட்டிலை ஒராள்தான். நீர்வேலி ஏரம்பு. அது நான்தான் அண்ணை.

பஞ்சலிங்கம் எண்டொரு தரகன். அவன்தான் இதைக் கொண்டுவந்து விட்டவன், மாட்டைக் கொண்டு போனவனும் அவன்தான். ஒரு டாக்குத்தர் வைச்சிருந்ததாம், ஆசுப்பத்திரிக்கும் கோயிலுக்கும் தவிர வேறை இடம் தெரியாத வாகனமாம். நான் மீற்றரைக் காட்டி, என்னடாப்பா, லட்சம் கட்டையை எட்டிப் பிடிக்கப்போகுது, அந்தக் கோயில் எங்கை கதிர்காமத்திலையோ எண்டு கேட்டன். அவன் காதுக்கை வந்து, அது சுத்தி முடிஞ்சால் எல்லாம் சைபராயிடும், பிறகு ஆரிட்டையும் புதுசெண்டு மாத்தலாம் எண்டான். எனக்கு உள்ளுக்கை ஒரே சந்தோசம், புளுகம். இவ்வளவு பெரிய இரகசியத்தை எனக்குச் சும்மா சொல்லுறானே, பேயன் எண்டு நினைச்சன். அண்ணை, இது நான் கலியாணம் கட்ட முந்தி வந்த ஒஸ்ரின் வண்டி. இதுக்கிடையிலை எத்தினை தரம் சுத்திச்சுதோ, எத்தினை பேர் சைபருக்குக் காத்திருந்தினமோ! அந்த யோசினை மாடு படலையைத் தாண்டிப் போனாப் பிறகுதான் வந்தது.

பிறகென்ன, ஓட வெளிக்கிட்டன். ஓடுறதுக்கு எங்கை இடம்? குடாநாட்டை விட்டு வெளியிலை போகேலாது. வட்டுக்கோட்டைக்குப் போய் உடுப்பிட்டிக்கு வந்து, உடுப்பிட்டியிலை இருந்து திரும்பி வட்டுக்கோட்டைக்கு. செக்கு மாடு தோத்துப் போகும். சும்மா ஓடினால் சனம் விசரன் எண்டு சொல்லுமெண்டு, கண்ட கண்ட ஆக்களை ஏத்தினன். பிள்ளைப்பெறுவோ, ஏத்து. செத்தவீடோ, கதிரை ஏத்து. இண்டைக்குக் கூட ஆற்றையோ கலியாணத்துக்குப் பந்தல் தடி கொண்டுபோய்ச் சண்டிலிப்பாயிலை இறக்கிப்போட்டுத்தான் வாறன். ஒரு சதம் வாங்கேல்லை. இப்ப சனம் என்னைக் கண்டால் கும்பிடுது அண்ணை! தருமவானாம். ஊர் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கிடக்க, இந்தத் தருமவான் மீற்றருக்கு ஊத்திக்கொண்டு திரியிறார்.

உங்களை ஏத்தினதும் அதுக்குத்தான். மறைப்பானேன்.

ஆனால் இண்டையோடை முடிஞ்சுது. பின்னேரம் ஒராள் வண்டியைப் பாக்க வீட்டை வாறார். பஞ்சலிங்கம் தான் ஒழுங்கு பண்ணினது. அந்த ஆள் சோடி மாடு தருவாராம். என்ன மாடெண்டு நான் கேக்கேல்லை. கொம்பும் வாலும் இருந்தால் காணும். எனக்கு இப்ப மாடு வேணும் அண்ணை. தோட்டத்துக்கில்லை, வீட்டுக்கு. மனுசி என்னோடை கதைக்கிறேல்லை.

பகிடியில்லை. மாடு போன நாள் தொட்டுப் பராசக்தி என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. சமைச்சு வைப்பா. தேத்தண்ணி வரும். வாய் மட்டும் திறக்காது. ஏசினால் கூடத் தாங்கலாம். முப்பது வருசம் ஏச்சிலையே சீவிச்ச மனுசன் நான். இப்ப வீட்டுக்கை போனால் காது ரெண்டும் அடைச்ச மாதிரிக் கிடக்கு. எனக்கு அழுகை வருது, உண்மையாய்ச் சொல்லுறன்.

கோண்டாவில் தாண்டிட்டம். மேலை பாத்தியளே? ஒண்டுமில்லைத்தானே?

என்னத்துக்கு மாட்டைக் குடுத்தனீ எண்டு கேளுங்கோ. சிவலையும் மயிலையும். சிவலை தங்கம். மயிலைதான்… நல்ல மாடு, இழுவைக்குக் குறையில்லை, ஆனால் மனம் வந்தால் நடு றோட்டிலை படுத்திடும். சந்தைக்கு வாழைக்குலை கொண்டு போகேக்கை படுத்தால், சந்தை கலைஞ்சாப் பிறகுதான் நான் போய்ச் சேருவன். அந்தக் கோவத்திலைதான் பிக்கப்புக்கு ஆசைப்பட்டது. பஞ்சலிங்கத்திட்டைப் படுக்கிற கதை நான் சொல்லேல்லை. அவனும் டாக்குத்தர் கதை சொன்னவன் தானே.

என்ன? எப்பிடி எழுப்பிறதோ? அதை விடுங்கோ, வெக்கக்கேடு… சரி சொல்லுறன், ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அடிச்சாலும் எழும்பாது. வாலை முறுக்கினாலும் எழும்பாது. பராசக்தி வரோணும். வந்து மாட்டுக்கு முன்னாலை நிண்டு என்னை ஏசோணும்! "மயிலை, இந்த மனுசன்ரை வடிவைப் பாத்தியே, இதைக் கட்டி நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததே" எண்டு துவங்குவா. என்ரை அப்பரிலை இருந்து என்ரை செருப்பு மட்டும் ஒண்டும் மிஞ்சாது. மயிலை காதை ஆட்டி ஆட்டிக் கேக்கும். பிறகு என்னை ஒருக்காப் பாக்கும். பாத்துப்போட்டு எழும்பும். பரிதாபப்பட்டுத்தான் எழும்புதெண்டு நினைக்கிறன். ஒருக்கா இருபாலையிலை படுத்திட்டுது, அவ பக்கத்திலை இல்லை. நானே அவவின்ரை குரலிலை என்னை ஏசிப் பாத்தன், நடு றோட்டிலை நிண்டு. சனம் கூடிச்சுது, மாடு எழும்பேல்லை.

ஓம் ஓம், வேறை ஆர் ஏசினாலும் சரிவராது. என்ன? வைக்கல் கொளுத்திக் காட்டினாலும் எழும்பாதோ? எழும்பாது. ஆ… ஓம், வலக்காது கிழிஞ்ச மயிலைதான்…

பொறுங்கோ.

காது கிழிஞ்சதெண்டு நான் சொல்லேல்லையே.

அண்ணை… நீங்கள் எந்த ஊர்? …வட்டுக்கோட்டையோ. நீர்வேலியிலை ஆற்றை வீட்டை போறியள்? …என்ரை வீட்டையோ, வண்டி பாக்க!

ஐயோ கடவுளே. கோதாரி விழுந்த வாய். மானிப்பாயிலை இருந்து கோப்பாய் வரைக்கும், மீற்றரிலை இருந்து மண்ணெண்ணெய் வரைக்கும் ஒண்டும் விடாமல் ஒப்பிச்சுப்போட்டன். நல்ல வியாபாரி!

இறங்காதேங்கோ, இறங்காதேங்கோ. கயித்தை விடாதேங்கோ, விழுந்திடுவியள். ஏன் தலையைக் குனியிறியள்? ஓ… நீங்களும் அந்தப் படுக்கிற கதையை மூடிக்கொண்டு மாத்தத்தான் வந்தனீங்கள், என்ன? வெக்கப்படாதேங்கோ. உங்களுக்கு நான் குறைஞ்ச ஆளில்லை. மயிலை இப்ப எங்கை? …உங்கடை ஒழுங்கையிலையோ? …முந்தநாள் தொட்டோ! தின்னவும் இல்லையோ? தண்ணி?

அது அப்பிடிச் செய்யிறேல்லையே. தண்ணி குடியாமல் கிடக்கிறேல்லையே அது… சாகப்போகுதண்ணை.

இந்தா, இதுதான் என்ரை படலை. வேலியோடை நிக்கிறவதான் பராசக்தி. மீற்றர் சுத்திட்டுதோ? பாத்தியளே, எல்லாம் சைபர். எப்ப சுத்திச்சுதெண்டு நானும் பாக்கேல்லை. துலையட்டும்.

பராசக்தி! இஞ்சை வாரும். இவர் வட்டுக்கோட்டை. எங்கடை மாடு ரெண்டும் இவரிட்டைத்தான் நிக்குது. மயிலை முந்தநாள் தொட்டுப் படுத்திருக்காம், எழும்பேல்லையாம், தண்ணியும் குடிக்கேல்லையாம்…

அண்ணை, பாருங்கோ. வாய் அசையுது. பாருங்கோவன்… "கட்டையிலை போற மனுசா, தண்ணி குடியாத மாட்டை அங்கை விட்டுப்போட்டு இஞ்சை என்ன வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிக்கிறீர்" எண்டு… கேட்டியளே! கேட்டியளே அண்ணை! அதுதான், அந்தக் குரல்தான்!

ஏறுறா. சீலையைச் செருகிக்கொண்டு ஏறுறா. அண்ணை, கொஞ்சம் பின்னாலை போய்ச் சைக்கிளோடை இருங்கோ, அவ முன்னாலை இருக்கட்டும். கயித்தை அவவிட்டைக் குடுங்கோ. நல்லகாலம், இஞ்சினை நான் நிப்பாட்டேல்லை.

அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இடையிலை ஒண்டும் சொல்லிச் சமாதானம் பண்ணிப்போடாதேங்கோ. வட்டுக்கோட்டை போய்ச் சேருமட்டும் அவ ஏசட்டும்.