சுவருக்கு மேலே போன குழாய்

இடுப்பு வலிக்கிறது சார், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். வருஷக்கணக்காகத் தேயிலை மூட்டை தூக்கிய இடுப்பு. அது போன பிறகுதான் மாலையில் கோக்கும் கண்ணாடி மணி செய்யக் கற்றேன். கேஸ் நெருப்பில் கண்ணாடிக் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றினால் மணி. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்கள் அதையும் வாங்கிப் போவார்கள். எதைக் கொடுத்தாலும் வாங்குகிற ஜனம்.

அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. அதனால் சமையலறையைப் பட்டறையாக்கியபோது காற்றோட்டத்தை யோசித்துத்தான் செய்தேன். கதவுக்கு அடியில் நல்ல காற்று வர இடைவெளி. மேசைக்கு மேலே புகையை இழுக்கும் காற்றாடி, அதிலிருந்து தகரக் குழாய். முதலில் சுவரைத் துளைத்து வெளியே விட்டேன். மலைக்காற்று புகையைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தது. குழாயைக் கூரைக்குள் திருப்பினேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். நான் என் பக்கத்தை மட்டும், குழாய் வாய்க்குக் கீழே, பலகை அடித்து மூடிவிட்டேன்.

அந்தப் பக்கம் ருக்குமணி. தோட்டத்தில் மருந்து அடித்து அடித்து மூச்சிரைப்பு வந்தவள். மதியம் வேலை முடிந்து வந்து, குளிருக்குச் சன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவாள். நான் நெருப்பு மூட்டுவதும் அப்போதுதான். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால், "மூட்ட தூக்க வக்கில்ல, ஆம்பள மணி கோக்குது பாருங்கடி" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கோபப்படவில்லை. இதுகளிடம் கோபப்பட என்ன இருக்கிறது?

ஒரு நாள் அவளே வந்தாள்.

"அண்ணே, உங்க பொக எங்க வீட்டுக்குள்ளதான் எறங்குது லா. நெஞ்ச அடைக்குது. கொழாய வெளிய திருப்புங்கண்ணே."

நெஞ்சு அடைத்த பிறகுதான் அண்ணன்.

"சன்னலத் தெறந்து படு."

"குளிருதுண்ணே."

"அப்ப இருமு."

மறுநாள் ரிங்லெட் டவுனுக்குப் போய்ப் பெரிய காற்றாடியாக வாங்கி மாட்டினேன். என் அறையில் வாடையே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். நெருப்பைக் கொஞ்சம் கூட்டுவேன்.

ஒரு மதியம் இருமல் நின்றது. கையிலிருந்த மணியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் கண்ணாடி வெடித்துவிடும். வெளியே அவள் மகள் பூவிழி, பள்ளிப் பையோடு, கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூச்சிரைப்பு என்றார்கள். சன்னலைத் திறந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாள், திறக்காதது அவள். ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். புகை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் விட்டேன்.

அந்த வீட்டுக்கு நான் பட்ட கடன் ஒன்றே ஒன்றுதான். குழாயை மேலே ஏற்ற என்னிடம் ஏணி இல்லை. ருக்குமணியிடம்தான் இரவல் வாங்கினேன். அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.